கொடுத்த எழுத்துகளிலிருந்து ஆங்கிலச் சொற்களைக் கண்டுபிடிப்பது எப்படி: கையாலும் எக்செலாலும் தேட முழுமையான வழிகாட்டி

கையில் ஏழு எழுத்துகள் இருக்கின்றன: ஜி, ஆர், ஏ, என், ஐ, டீ, இ. இவற்றைக் கொண்டு என்னென்ன ஆங்கிலச் சொற்கள் எழுதலாம்? எழுத்துக் கட்டைகளைப் பலகையில் அடுக்கிச் சொல் அமைக்கும் ஸ்க்ராபிள் ஆடுபவர்கள், குறுக்கெழுத்துப் போடுபவர்கள், பிள்ளைகளுக்குச் சொல் விளையாட்டு தயாரிக்கும் ஆசிரியர்கள் எல்லோரும் சந்திக்கும் கேள்வி இது. பெரும்பாலோர் எழுத்துகளை முன்னும் பின்னும் மாற்றி வைத்து, ஏதாவது தெரிகிறதா என்று பார்ப்பார்கள். ஏழு வெவ்வேறு எழுத்துகளிலிருந்து இரண்டு முதல் ஏழு வரை எடுத்து வரிசைப்படுத்தினால் 13,692 வரிசைகள் வரும். அத்தனையையும் எந்தக் கண்ணாலும் பார்த்து முடிக்க முடியாது.

இந்த வழிகாட்டி முழுவதும் ஒரே உத்தியைத்தான் சொல்கிறது: அடுக்காதீர்கள், கழியுங்கள். கையால் தேடினாலும் சரி, எக்செலில் தேடினாலும் சரி, எழுத்துகளைக் கழித்து என்ன மிஞ்சுகிறது என்று பாருங்கள். அந்த மீதியில்தான் விடை இருக்கிறது.

படிப்பதற்கு முன் ஒரு குறிப்பு. தமிழில் எழுதும்போது சில ஆங்கில எழுத்துகளின் பெயர்கள் ஒன்றாகிவிடும். அதனால் இங்கே பந்தைக் குறிக்கும் பால் என்ற ஆங்கிலச் சொல்லின் முதலெழுத்தைப் பி என்றும், பென் என்பதன் முதலெழுத்தைப் பீ என்றும், நாயைக் குறிக்கும் டாக் என்பதன் முதலெழுத்தை டி என்றும், டைகர் என்பதன் முதலெழுத்தை டீ என்றும் எழுதியிருக்கிறோம். காகிதத்தில் ஆங்கிலத்தில் எழுதிப் பார்த்தபடியே படித்தால் எளிதாகப் பிடிபடும்.

முதலில் கேள்வியைப் பிரியுங்கள்

"இந்த எழுத்துகள் உள்ள சொற்கள்" என்று கேட்டால் அதற்கு நான்கு அர்த்தங்கள் உண்டு. எது வேண்டும் என்று முடிவு செய்யாமல் தேடினால் விடை குழம்பும். இணையத் தேடு கருவிகள் தப்பான பட்டியல் தருகின்றன என்ற புகார் பெரும்பாலும் இங்கிருந்துதான் எழுகிறது.

முதல் வகையில் எல்லா எழுத்துகளையும் ஒவ்வொரு முறை பயன்படுத்த வேண்டும், மிச்சம் இருக்கக் கூடாது. இதுதான் அனகிராம். கிரானைட் என்ற சொல்லின் எழுத்துகளை மாற்றி அடுக்கினால் டியரிங் வரும்.

இரண்டாவது வகையில் கையில் உள்ளவற்றில் சிலவற்றை மட்டும் பயன்படுத்தலாம், ஆனால் ஒவ்வொன்றும் ஒரு முறைதான். ஸ்க்ராபிள் இந்த வகை. பிரிட்டனின் சேனல் 4 தொலைக்காட்சியில் 1982 முதல் வரும் கவுன்ட்டவுன் நிகழ்ச்சியும் அப்படித்தான். ஒன்பது எழுத்து, முப்பது நொடி.

மூன்றாவது வகையில் அதே எழுத்தை எத்தனை முறை வேண்டுமானாலும் பயன்படுத்தலாம். நியூயார்க் டைம்ஸின் ஸ்பெல்லிங் பீ இந்த வகை: ஏழு எழுத்துகள், நடு எழுத்து கட்டாயம், சொல்லில் குறைந்தது நான்கு எழுத்து.

நான்காவது வகையில் கொடுத்த எழுத்துகள் அனைத்தும் சொல்லுக்குள் இருக்க வேண்டும், வேறு எழுத்துகளும் கூட வரலாம். ஆங்கில உயிரெழுத்து ஐந்தும் உள்ள சொல்லைக் கேட்பது இந்த வகையில் சேரும்: எஜுகேஷன், ஈக்வேஷன், டயலாக் என்பதன் பிரிட்டிஷ் எழுத்துக்கூட்டல், காலிஃப்ளவர். ஏழே எழுத்தில் ஐந்தையும் அடக்குவது சீக்வோயா என்ற மரத்தின் பெயர்.

இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் உள்ள வித்தியாசத்தைக் காட்ட நம் கட்டுமரத்திலிருந்து ஆங்கிலத்துக்குப் போன கேட்டமரன் என்ற சொல்லே போதும். அதில் வரும் வெவ்வேறு எழுத்துகள் சி, ஏ, டீ, எம், ஆர், என் ஆகிய ஆறுதான். ஆனால் ஏ மட்டும் நான்கு முறை வருகிறது. ஸ்பெல்லிங் பீயில் ஆறு எழுத்தும் இருந்தால் அந்தச் சொல் கிடைத்துவிடும். ஸ்க்ராபிளில் நான்கு ஏ வேண்டும்.

கையால்: முனையைக் கழற்றுங்கள்

எழுத்துகளை ஒரே வரியில் எழுதாதீர்கள். வரியாக எழுதினால் மூளை அதையே ஒரு சொல்லாகப் படிக்கத் தொடங்கி, அந்த வரிசையிலிருந்து வெளியே வர மறுக்கும். வட்டமாக எழுதுங்கள். ஸ்க்ராபிள் கட்டைகள் என்றால் உயிரெழுத்துகளை இடப்பக்கமும் மற்றவற்றை வலப்பக்கமும் பிரித்து வையுங்கள்.

அடுத்து, ஆங்கிலச் சொற்களின் வால்களையும் தலைகளையும் ஒவ்வொன்றாகக் கழற்றுங்கள். ஐ-என்-ஜி, இ-டி, இ-ஆர், ஐ-இ-ஆர், இ-எஸ்-டீ, எல்-ஒய், டீ-ஐ-ஓ-என், ஏ-பி-எல்-இ ஆகியவை அடிக்கடி வரும் வால்கள். ஆர்-இ, யூ-என், ஐ-என், டி-ஐ-எஸ், ஓ-யூ-டீ ஆகியவை அடிக்கடி வரும் தலைகள். நம் ஏழு எழுத்துகளில் இதைச் செய்து பார்ப்போம்.

ஐ-என்-ஜி-யைக் கழித்தால் மிஞ்சுவது ஆர், ஏ, டீ, இ. அதிலிருந்து டியர் என்ற சொல் எழும், வாலைச் சேர்த்தால் டியரிங். ஐ-என் என்ற தலையைக் கழித்தால் கிரேட் மிஞ்சும், அதாவது தேங்காய் துருவுவதற்கான சொல். சேர்த்தால் இன்கிரேட், நன்றி கெட்டவர். ஐ-இ-ஆர் வாலைக் கழித்தால் டேங் மிஞ்சும், சேர்த்தால் டேங்கியர், அதாவது இன்னும் புளிப்புச் சுவை கூடியது. ஐ-டீ-இ-யைக் கழித்தால் மிஞ்சும் நான்கு எழுத்தும் கிரானைட்டின் முன்பாதி. ஆக நான்கு முனைகளைக் கழற்றியதில் நான்கு ஏழெழுத்துச் சொற்கள் கிடைத்துவிட்டன. ஸ்க்ராபிளில் ஏழு கட்டைகளையும் ஒரே முறையில் வைத்தால் 50 புள்ளி கூடுதல் என்பதால், இந்தப் பழக்கம் ஒன்றே ஆட்டத்தை மாற்றிவிடும்.

ஏழும் அமையாவிட்டால் ஒரு எழுத்தை விட்டுவிட்டுப் பாருங்கள். என்-ஐ விட்டால் ட்ரையேஜ், கெய்ட்டர். டீயை விட்டால் ரீகெயின், கெய்னர். இ-யை விட்டால் ரேட்டிங். ஜி-யை விட்டால் ரீட்டெயின், ரெட்டினா. ஆரை விட்டால் ஈட்டிங். ஒவ்வொரு எழுத்தையும் முறையாக விட்டுப் பார்ப்பது ஏழே சுற்று. மனம் போன போக்கில் தேடும்போது இதில் பாதியாவது தவறிப்போகும்.

பலகையில் ஏற்கெனவே ஒரு எழுத்து திறந்து கிடக்கிறது என்றால் விளைச்சல் இன்னும் அதிகம். அதே ஏழுடன் எல் சேர்ந்தால் ட்ரையாங்கிள், இன்டெக்ரல், ரிலேட்டிங், ஆல்டரிங், அலர்ட்டிங். டி சேர்ந்தால் கிரேடியன்ட். எம் சேர்ந்தால் எமிகிரன்ட். சி சேர்ந்தால் கிரியேட்டிங், ரியாக்டிங். டபிள்யூ சேர்ந்தால் வாட்டரிங். இப்படிப் பெரும்பாலும் எந்த எழுத்து சேர்ந்தாலும் சொல் தரும் கூட்டங்களைத் தேர்ந்த ஆட்டக்காரர்கள் மனப்பாடம் செய்து வைத்திருப்பார்கள். எஸ், ஏ, டீ, ஐ, ஆர், இ என்ற ஆறும், ஆர், இ, டீ, ஐ, என், ஏ என்ற ஆறும் அவற்றில் மிகப் புகழ் பெற்றவை. இவற்றில் இருப்பவை எல்லாம் ஆங்கிலத்தில் அதிகம் புழங்கும் எழுத்துகள். ஸ்க்ராபிளின் 100 கட்டைகளில் இ 12, ஏ 9, ஐ 9, ஓ 8, என், ஆர், டீ தலா 6 என்று இருப்பதும் அந்தப் புழக்கத்தை ஒட்டித்தான். விளையாட்டை 1930-களில் உருவாக்கிய ஆல்ஃபிரட் பட்ஸ், செய்தித்தாள்களில் எந்த எழுத்து எத்தனை முறை வருகிறது என்று எண்ணித்தான் கட்டைகளின் எண்ணிக்கையை முடிவு செய்தார். எஸ் மட்டும் நான்கோடு நிறுத்தப்பட்டது. நிறைய இருந்தால் எந்தச் சொல்லையும் பன்மையாக்கி எளிதில் நீட்டிவிடலாம் அல்லவா?

நான்காவது வகைக் கேள்வி என்றால் அணுகுமுறை தலைகீழ். கொடுத்த எழுத்துகளில் மிக அரிதானதைப் பிடித்துக்கொண்டு தொடங்குங்கள். ஜே, கியூ, எக்ஸ், இசட் நான்கும் மிக அரிது, அடுத்து வி, கே. எக்ஸ், ஒய், ஜி மூன்றும் உள்ள சொல் என்று கேட்டால் ஜி-யிலிருந்து தொடங்கினால் கடலில் விழுவீர்கள். எக்ஸிலிருந்து தொடங்கினால் ஆக்ஸிஜன் சீக்கிரம் வந்து நிற்கும்.

தமிழில் படித்துப் பழகியவர்களுக்கென்று தனியாக ஒன்று சொல்ல வேண்டும். நமக்கு எழுதியதே ஒலி. அதனால் ஆங்கிலச் சொல்லையும் ஒலியாக மனத்தில் ஓட்டித் தேடுகிறோம், ஒலிக்காத எழுத்துகள் கண்ணில் படுவதில்லை. நைஃப் என்ற சொல்லின் முன்னால் நிற்கும் கே, சாம் என்ற துதிப்பாடலின் முன்னால் நிற்கும் பீ, ரிதம் என்பதில் வரும் இரண்டு எச் எல்லாம் இப்படித்தான் தப்பும். ஷன் என்ற ஒலி முடிவை டீ-ஐ-ஓ-என், எஸ்-ஐ-ஓ-என், சி-ஐ-ஏ-என் என மூன்று விதமாகவும், ஃப் ஒலியை எஃப், பீ-எச், ஜி-எச் என மூன்று விதமாகவும் எழுதலாம் என்பதைப் பட்டியலாகக் கண்முன் வைத்துக்கொண்டு தேடுங்கள். பழக்கமாகும் வரை இது தேவை.

அகரவரிசைச் சாவி

ஒரு சொல்லின் எழுத்துகளை ஆங்கில அகரவரிசையில் அடுக்கினால் கிடைப்பது அதன் சாவி. கிரானைட்டின் சாவி ஏ-இ-ஜி-ஐ-என்-ஆர்-டீ. டியரிங்குக்கும் இன்கிரேட்டுக்கும் டேங்கியருக்கும் அதே சாவிதான். லிசன், சைலன்ட், என்லிஸ்ட், டின்சல், இன்லெட்ஸ் ஐந்துக்கும் இ-ஐ-எல்-என்-எஸ்-டீ என்ற ஒரே சாவி.

சொற்பட்டியலில் ஒவ்வொரு சொல்லுக்கும் பக்கத்தில் சாவியை எழுதி, சாவியை வைத்து வரிசைப்படுத்திவிட்டால் அனகிராம்கள் எல்லாம் அடுத்தடுத்த வரியில் வந்து உட்கார்ந்துவிடும். சில எழுத்துகளை மட்டும் பயன்படுத்தும் சொற்களுக்கு, கையிலுள்ள ஏழின் ஒவ்வொரு சேர்க்கையின் சாவியையும் தேட வேண்டும். இரண்டு எழுத்துக்குக் குறையாத சேர்க்கைகள் மொத்தம் 120. தொடக்கத்தில் பார்த்த 13,692 இப்போது 120 ஆகிவிட்டது, ஏனென்றால் வரிசை என்ற தொல்லை போய்விட்டது. எக்செல் 365-ல் மிட், சீக்வென்ஸ், சார்ட், கான்கேட் என்ற நான்கு சார்புகளை ஒன்றுக்குள் ஒன்றாக வைத்துச் சாவியை உருவாக்கலாம்: மிட்டும் சீக்வென்ஸும் எழுத்துகளைப் பிரிக்கும், சார்ட் அடுக்கும், கான்கேட் ஒட்டும்.

எக்செலில் கழித்தல்

நான்கு வகைக் கேள்விக்கும் விடை தரும் முறை இது. சூத்திரங்களை இங்கே தமிழில் எழுதியிருந்தாலும் நீங்கள் ஆங்கிலத்திலேயே தட்டுங்கள்.

1. புதிய தாளில் ஏ நெடுவரிசை முழுவதையும் டெக்ஸ்ட் வடிவத்துக்கு மாற்றுங்கள். பிறகு இரண்டாம் வரியிலிருந்து சொற்பட்டியலை ஒட்டுங்கள். முதலில் வடிவத்தை மாற்றாவிட்டால் ட்ரூ, ஃபால்ஸ் என்ற இரண்டு சொற்களையும் எக்செல் தருக்க மதிப்புகளாக எடுத்துக்கொள்ளும்.

2. பி2 கட்டத்தில் =லோயர்(டிரிம்(ஏ2)). இதைப் பட்டியலின் கடைசி வரை கீழே இழுங்கள். எல்லாம் சிறிய எழுத்தாக மாறும், ஓரத்து இடைவெளிகள் நீங்கும். பி நெடுவரிசையையும் அடுத்து வருபவற்றையும் டெக்ஸ்ட் வடிவத்துக்கு மாற்றிவிடாதீர்கள். மாற்றினால் சூத்திரம் கணக்கிடாமல் அப்படியே எழுத்தாக நிற்கும்.

3. சி1 முதல் ஐ1 வரை ஏழு கட்டங்களில் உங்கள் ஏழு எழுத்துகளைக் கட்டத்துக்கு ஒன்றாக, சிறிய எழுத்தில் இடுங்கள். ஒரே எழுத்து இரண்டு இருந்தால் இரண்டு கட்டங்களில் இடுங்கள். ஏழுக்குக் குறைந்தால் மீதிக் கட்டத்தில் 1 என்ற எண்ணை வையுங்கள். எந்தச் சொல்லிலும் அது வராது என்பதால் எதையும் கழிக்காது.

4. சி2 கட்டத்தில் =சப்ஸ்டிட்யூட்(பி2, சி$1, "", 1). இதை ஐ2 வரை வலப்பக்கம் இழுத்து, பிறகு பட்டியலின் கடைசி வரை கீழே இழுங்கள். ஒவ்வொரு நெடுவரிசையும் தனக்கு முந்தையதில் மிஞ்சியதிலிருந்து ஒரே ஒரு எழுத்தைக் கழிக்கும்.

5. ஜே2 கட்டத்தில் =லென்(ஐ2). இது மீதி. கே2 கட்டத்தில் =லென்(பி2)-ஜே2. இது கழிந்தவை. இரண்டையும் கீழே இழுங்கள்.

சூத்திரத்தின் கடைசியில் உள்ள 1 தான் இதில் உயிர்நாடி. முதலில் வரும் ஒன்றை மட்டும் எடு என்று அது சொல்கிறது. அது இல்லாவிட்டால் சொல்லில் உள்ள எல்லா இ-களும் ஒரே அடியில் போய்விடும், உங்களிடம் ஒரே இ இருக்கும்போது இரண்டு இ உள்ள சொல்லும் விடையாக வந்துவிடும்.

இனி படிப்பது எளிது. மீதி 0 என்றால் அந்தச் சொல்லை உங்கள் எழுத்துகளால் எழுதலாம். கழிந்தவை 7 என்றால் உங்கள் ஏழு எழுத்தும் அந்தச் சொல்லுக்குள் இருக்கின்றன. இரண்டும் சேர்ந்து நடந்தால் முழு அனகிராம். மீதி 1 என்றால் ஸ்க்ராபிளில் எந்த எழுத்தாகவும் வைக்கக்கூடிய ஒரு வெற்றுக் கட்டையோ பலகையில் பொருத்தமான ஒரு எழுத்தோ இருந்தால் சொல் அமையும். ஃபில்டர் போட்டு வேண்டியதை மட்டும் பாருங்கள்.

முழுப் பட்டியலையும் நம்பும் முன் ஐந்து சொற்களை வைத்துச் சோதியுங்கள். கிரானைட்டின் எழுத்துகளுக்கு ட்ரையேஜ் மீதி 0, கழிந்தவை 6 காட்ட வேண்டும். அதிகமான என்ற பொருளில் வரும் கிரேட்டர் மீதி 2, ஏனென்றால் அதில் இன்னொரு இ-யும் இன்னொரு ஆரும் இருக்கின்றன. இன்டெக்ரல் மீதி 1, கழிந்தவை 7. இன்டெக்ரேட் மீதி 2, கழிந்தவை 7. கேட்டமரன் மீதி 5, கழிந்தவை 4. எண்கள் ஒத்துவராவிட்டால் சூத்திரத்தில் டாலர் குறி சரியான இடத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். அது எண்ணுக்கு முன்னால்தான் வர வேண்டும்.

மூன்றாவது வகைக் கேள்விக்கு இன்னொரு தாளில் இதையே செய்து, சூத்திரத்திலிருந்து அந்த 1-ஐயும் அதன் முன்னுள்ள காற்புள்ளியையும் மட்டும் நீக்குங்கள். இப்போது மீதி 0 காட்டுபவை, எழுத்துகளைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தி எழுதக்கூடியவை. கிரேட்டர் இப்போது உள்ளே வரும். என்டர்டெய்னிங் என்ற பன்னிரண்டு எழுத்துச் சொல்லும் இந்த ஏழால் மட்டுமே ஆனது என்று தெரியவரும். அதில் ஏழும் வருகின்றன, எனவே ஸ்பெல்லிங் பீயில் பேன்கிராம் எனப்படும் உயர்ந்த விடை அது.

எழுத்து எந்த இடத்தில் வர வேண்டும் என்பதும் தெரிந்திருந்தால் பி நெடுவரிசையின் ஃபில்டரில் கேள்விக்குறியையும் நட்சத்திரக் குறியையும் பயன்படுத்துங்கள். கேள்விக்குறி ஒரே ஒரு எழுத்துக்கு, நட்சத்திரம் எத்தனை எழுத்துக்கும்.

எந்தப் பட்டியல்?

தேடல் எவ்வளவு சரியாக இருந்தாலும் பட்டியல் தப்பாக இருந்தால் விடையும் தப்பு. இந்தியா, இலங்கை, பிரிட்டன் உட்படப் பெரும்பாலான நாடுகளின் ஸ்க்ராபிள் போட்டிகளில் காலின்ஸ் பட்டியல், அதில் சுமார் 2,80,000 சொற்கள். வட அமெரிக்கப் பட்டியலில் 1,90,000-க்கு மேல். எனேபிள் என்ற பொதுப் பயன்பாட்டுப் பட்டியல் சுமார் 1,72,000 சொற்களுடன் இலவசமாகக் கிடைக்கிறது. வீட்டில் பழகுவதற்கு அது தாராளம். மேக் கணினியில் உள்ளேயே இருக்கும் சொற்கோப்பைச் சிலர் எடுத்துக்கொள்கிறார்கள். அதைத் தவிர்ப்பது நல்லது. 1934-ல் வந்த வெப்ஸ்டர் இரண்டாம் பதிப்பிலிருந்து எடுத்தது அது. ஆள் பெயர்களும் ஊர்ப் பெயர்களும் கலந்திருக்கும், பன்மைகளும் இறந்தகால வடிவங்களும் பெரும்பாலும் இராது.

ஒன்றே முக்கால் லட்சம் சொல்லுக்குப் பதினொரு நெடுவரிசை என்றால் சுமார் 19 லட்சம் கட்டங்கள். எக்செல் தாங்கும், ஆனால் பழைய கணினி திணறும். இரண்டாவது வகைக் கேள்விக்கு எட்டு எழுத்துக்கு மேற்பட்ட சொற்களை முன்னதாகவே நீக்கிவிட்டால் வேலை வெகுவாகக் குறையும்.

தவறும் இடங்கள்

எல்லாச் சொற்களுக்கும் மீதி ஒன்று கூடுதலாக வருகிறதா? கோப்பிலிருந்து கண்ணுக்குத் தெரியாத வரிமுடிவுக் குறி ஒட்டிக்கொண்டு வந்திருக்கிறது. டிரிம் இடைவெளியைத்தான் நீக்கும், இதை நீக்காது. கிளீன் என்ற சார்பையும் சேருங்கள்.

சில சொற்கள் மட்டும் காணவில்லை என்றால் பெரிய எழுத்தைச் சந்தேகியுங்கள். சப்ஸ்டிட்யூட் பெரிய எழுத்தையும் சிறிய எழுத்தையும் வேறு வேறாகவே பார்க்கும். முதல் வரியில் ஒரே ஒரு பெரிய எழுத்து விழுந்தாலும் அந்த எழுத்து கழியாது.

ஐந்தெழுத்துச் சொல்லை ஊகிக்கும் வேர்டில் என்ற விளையாட்டை ஆடுபவர்களைக் கவிழ்ப்பது சாம்பல் நிறம். சாம்பல் என்றால் அந்த எழுத்து விடையில் இல்லவே இல்லை என்று எல்லா நேரமும் பொருள் கொள்ள முடியாது. விடை அபைட் என்று வைத்துக்கொள்வோம். நீங்கள் ஸ்பீட் என்று போட்டால் முதல் இ மஞ்சளாகும், அதாவது விடையில் உண்டு, ஆனால் இடம் வேறு. இரண்டாவது இ சாம்பலாகும். விடையில் ஒரே ஒரு இ தான் உண்டு என்பதே அதன் பொருள். அதைப் பார்த்து இ-யையே நீக்கிவிட்டுத் தேடினால் விடை கிடைக்காது. அமெரிக்க எழுத்துக்கூட்டலையும் மறக்காதீர்கள்: ஹ்யூமர், ஃபேவர் இரண்டும் அங்கே யூ இல்லாமல் ஐந்தெழுத்து.

உயிரெழுத்து ஒன்றுகூட இல்லாவிட்டால் ஒய்-யைத் தேடுங்கள்: கிரிப்ட், ட்ரிஸ்ட், நிம்ஃப், மிர், பிக்மி. ஒய்-யும் இல்லாவிட்டால் சி-டபிள்யூ-எம், என்-டீ-எச், பீ-எஸ்-எஸ்-டீ போன்றவை உண்டு, எல்லாம் பட்டியலில் ஏற்கப்பட்டவை. கியூ வந்து யூ வராவிட்டால் கியூ-ஐ என்ற இரண்டெழுத்துச் சொல்லும், கியூ-ஏ-டீ, எஃப்-ஏ-கியூ-ஐ-ஆர், கியூ-ஏ-என்-ஏ-டீ என்பவையும் கை கொடுக்கும். வி-க்கு இரண்டெழுத்துச் சொல் எதுவும் கிடையாது. ஆகவே ஸ்க்ராபிளில் வி கையில் வந்தால் குறுகிய சந்துகளில் தேடாமல், மூன்று எழுத்தாவது நுழையும் இடமாகப் பாருங்கள்.